கிரீம் ஆஃப் டார்ட்டார் கேட்டால் என்ன கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் பிஸ்கட் செய்முறை எழுதிய சீட்டோடு வந்து, "கிரீம் ஆஃப் டார்ட்டார் இருக்கிறதா?" என்று கேட்டார். கிரீம் என்றதும் பால் பொருள் என நினைத்துப் பால்கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "அது வெள்ளைத் தூள் ஐயா" என்றார். ஆப்பச் சோடாவைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டில் சோப்பு வாடை அடித்ததாம். பிறகு அவர் நம் கடைப்படி ஏறவில்லை. அதன் பிறகு விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறேன்.

இது என்ன?

திராட்சை மதுவைப் பீப்பாயில் வைக்கும்போது உட்புறம் உப்புப் போலப் படியும். அதை வெந்நீரில் கரைத்து, சுத்தம் செய்து, உறையவைத்து எடுக்கும் புளிப்புத் தூளே இது. பொட்டாசியம் சேர்ந்த உப்பு. நம் புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலமே இதற்கும் மூலம். ஆனால் புளியின் நிறமும் மணமும் கேக்குக்கு ஒவ்வா. மதுவிலிருந்து வந்ததா என்று கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாங்குவதும் விடுவதும் அவர் விருப்பம்.

வேலை என்ன?

சோடாவும் புளிப்பும் ஈரத்தில் கூடினால் வாயு கிளம்பி மாவு உப்பும். புளிப்பு இல்லாமல் சோடா மட்டும் கூடினால் சோப்புச் சுவை தங்கிவிடும். நான் செய்த தவறு இதுதான். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மருந்துக் கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் பேக்கிங் பவுடர் செய்ததும் சோடாவோடு புளிப்பைச் சேர்க்கும் இந்த வழியில்தான்.

கையில் இல்லையென்றால்?

1. சீட்டில் சோடா கால் தேக்கரண்டி, டார்ட்டார் அரைத் தேக்கரண்டி என்றிருந்தால், இரண்டுக்கும் பதிலாக பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போதும். தனியாகச் சோடா வேண்டாம்.

2. முட்டை வெள்ளைக்கரு நுரை நிற்கவோ, சர்க்கரைப் பாகு பூக்காமலிருக்கவோ கேட்டால், அரைத் தேக்கரண்டிக்கு எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி.

3. டார்ட்டார் இருந்து பேக்கிங் பவுடர் இல்லையென்றால், சோடா 1 பங்கு, டார்ட்டார் 2 பங்கு, கார்ன்ஃபிளவர் 1 பங்கு.

கடையில் கவனிக்க வேண்டியவை

பேக்கிங் பவுடரை வெந்நீரில் இட்டால் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் வீரியம் போன சரக்கு, விற்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் சோடா பொங்கும், டார்ட்டார் பொங்காது. ஆனால் சலவைச் சோடாவும் பொங்கும் என்பதால் இச்சோதனையை நம்பிச் சமையல் சோடா என்று தீர்மானிக்கக் கூடாது. சலவைச் சோடாவைத் தனி அலமாரியில், தனிக் கரண்டியோடு வையுங்கள். சில்லறையாகக் கட்டும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதுங்கள்.

தெரியாத பொருளைக் கேட்டால், "விசாரித்து நாளை சொல்கிறேன் அம்மா" என்று சொல்வதில் குறைவில்லை. அன்று நான் அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல வாடிக்கையை இழந்திருக்க மாட்டேன்.