கள்வர் கொள்ளாப் பொருள்

பொருளைக் களவு கொடுத்தார்க்கு ஆறுதல் கூறுதல் எளிது. அவர் அதனை ஏற்றல் அரிது. இழப்பு இழப்பே. எனினும் அதனூடும் ஒரு நன்மை எஞ்சுதலை இரு நிகழ்ச்சிகள் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

1896-இல், காணைக்கு அருகிலுள்ள மாம்பழப்பட்டு வரை தொடர்வண்டியில் வந்து, மேலும் செல்லக் கைப்பொருள் இன்மையால் திருவண்ணாமலை நோக்கி நடந்தார் ஓர் இளைஞர். அவரே பின்னாளில் இரமணர். 1924 ஜூன் 26 இரவு அவரது ஆசிரமத்துள் கள்வர் புகுந்தனர். எதிர்க்க எழுந்த அன்பரை அவர் தடுத்தார். தொடையில் அடியும் ஏற்றார். கள்வருக்குக் கிட்டியவை சில ரூபாய்களும் சிறு வெள்ளிப் பொருள்களுமே. அவரது அமைதி அவர்கள் கைக்கு அகப்படவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111) மாணவப் பருவத்தில் ஜுர்ஜானிலிருந்து தூஸ் நகர் திரும்புகையில், அவர்தம் பாடக்குறிப்புகளையும் வழிப்பறிக் கள்வர் கவர்ந்தனர். அவற்றையேனும் தருமாறு அவர் வேண்டினார். ஏட்டோடு போய்விடும் அறிவு உமது அறிவாகுமோ என்னும் கருத்துப்பட நகைத்த தலைவன், ஏட்டைத் திருப்பி அளித்தான். அந்நகைப்பையே பாடமாகக் கொண்ட இமாம், மூன்றாண்டு முயன்று குறிப்பனைத்தையும் நெஞ்சிற் பதித்தார் என்று சுப்கீ என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

முன்னவரிடம் களவுபோகாதது இருந்தது. பின்னவர் களவுபோகக் கூடியதைக் களவுபோகாததாக ஆக்கிக்கொண்டார். இதனால் கள்வனின் குற்றம் குறையாது, முறையிடுதலும் தவறன்று. ஆயின் நம் ஏடுகள் ஒருநாள் மறையுமாயின் நம்மிடம் எஞ்சுவது யாது? மாணவராகிய நாம் இவ்வினாவை இன்றே எழுப்பிக்கொள்ளுதல் நலம்.