பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டால்: கலிஃபோர்னியாப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

"உங்கள் பிள்ளை ட்ரூயன்ட்" என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்ததும் பலருக்குக் கை நடுங்கும். பயப்பட வேண்டாம், அது போலீஸ் நோட்டீஸ் அல்ல. முதல் கடிதத்திலேயே சுதாரித்துக்கொண்டால் பெரும்பாலும் பள்ளி அளவிலேயே முடித்துவிடலாம். வரிசையாகப் பார்ப்போம்.

எது ட்ரூயன்ஸி?

ஒரு கல்வியாண்டில் தகுந்த காரணமின்றி 3 முழு நாள் வராவிட்டால் சட்டப்படி ட்ரூயன்ட். 30 நிமிடத்துக்கு மேல் 3 முறை தாமதமாகப் போனாலும் அதே கணக்குதான். காய்ச்சல், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், மனநலச் சிக்கல் ஆகியவை ஏற்கப்படும். டிசம்பரில் ஊருக்குப் போய் ஜனவரி நடுவரை தங்கிவிட்டால் அது ஏற்கப்படாது. நம் குடும்பங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளம்பும் முன்பே, பள்ளிக்கு வராமலே பாடம் படிக்கும் இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேட்டுவிடுவோம்.

முதல் வேலை: வருகைப் பதிவு

பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவை அச்சிட்டு வாங்கி, நாள்வாரியாக, பீரியட்வாரியாகப் பார்ப்போம். டாக்டர் சீட்டு கொடுத்திருந்தும் காரணமில்லை என்று பதிவாகியிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

அதே தாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். செவ்வாயும் வியாழனும் மட்டும் ஆறாவது பீரியட் விடுபட்டிருந்தால், அந்த வகுப்பில் ஏதோ இருக்கிறது: கேலி செய்யும் கூட்டம், கணக்கு மேல் பயம், வெளியே காத்திருக்கும் நண்பர்கள். "ஏன் போகலை?" என்று அதட்டினால் பிள்ளை வாயைத் திறக்காது. "வியாழக்கிழமை அந்த கிளாஸ்ல என்னப்பா நடக்குது?" என்று கேட்டால் பேச்சு வரும்.

கற்றல் சிரமம் என்று தோன்றினால் ஸ்பெஷல் எஜுகேஷன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்போம். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால் பொதுவாக 15 நாளுக்குள் பள்ளி டிஸ்ட்ரிக்ட் பதில் தர வேண்டும்.

அடுத்த படி: சார்ப்

ஓராண்டில் மூன்று முறை ட்ரூயன்ட் என்று புகாரானால், சார்ப் எனப்படும் வருகை மறுஆய்வுக் குழு அழைக்கலாம். பள்ளி, ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு), சமூகநலம், மனநலம் என்று பல துறையினர் அதில் இருப்பார்கள். அது கோர்ட் அல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கவே கூடாது.

ப்ரொபேஷன் எதற்கு?

பள்ளி நேரத்தில் வெளியே சுற்றும் பிள்ளை கடைத் திருட்டு, போதை என்று வழிமாறுவதைத் தடுக்கத்தான். 2000இல் வந்த சிறார் குற்றத் தடுப்புச் சட்டத்தின் நிதியில் கவுண்டி ப்ரொபேஷன் துறைகள் திட்டங்களை நடத்துகின்றன. ஆரஞ்சு கவுண்டியின் ட்ரூயன்ஸி ரெஸ்பான்ஸ் ப்ரோக்ராம் அவற்றில் ஒன்று. தண்டிப்பதைவிடப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருவதே இதன் முதல் நோக்கம்.

சிறு குற்றமும் சேர்ந்துவிட்டால், கோர்ட்டுக்கு அனுப்பாமல் 6 மாதம் வரை முறைசாராக் கண்காணிப்பில் வைக்க ப்ரொபேஷன் ஆபீசர் முன்வரலாம். நாமும் பிள்ளையும் சம்மதித்தால்தான் அது நடக்கும். வருகை, கவுன்சலிங், இரவு வீடு திரும்பும் நேரம் என்று நிபந்தனைகள் இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

2018 முதல் சிறாரின் ப்ரொபேஷன் கண்காணிப்பு, எலக்ட்ரானிக் மானிட்டர், போதைப் பரிசோதனை ஆகியவற்றுக்குக் குடும்பத்திடம் கவுண்டி கட்டணம் கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு தனி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறியதாகப் பெற்றோர் மேல் வழக்கு நிரூபணமானால் அபராதம் முதல் முறை 100 டாலர், இரண்டாம் முறை 250, அதற்கு மேல் 500 வரை. கோர்ட் கட்டணங்களும் சேரலாம்.

எச்சரிக்கை

கண்காணிப்பு நிபந்தனைத் தாளைப் படிக்காமல் கையெழுத்து போட வேண்டாம். மீறினால் விஷயம் கோர்ட்டுக்குப் போகக்கூடும். 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையைக் காவலில் வைத்து போலீஸ் விசாரிக்கும் முன், பிள்ளை வக்கீலிடம் பேசியாக வேண்டும். "வேண்டாம்" என்று நாமே சொன்னாலும் அதைத் தவிர்க்க முடியாது. விசாவில் இருக்கும் குடும்பமென்றால் எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலையும் கேட்டுவிடுவோம்.

கண்காணிப்பு முடிந்ததும், முடித்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் ப்ரொபேஷன் பதிவை முத்திரையிட்டு மூடுவது பற்றியும் அன்றைக்கே விசாரிப்போம்.