தொட்டித் தண்ணீரும் காய்ச்சல் கொசுவும்



தாடிக்கொம்பு வட்டாரத்தில் குடகனாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. குழாயில் நீர் வரும் நாளில் சிமெண்ட் தொட்டி, டிரம், அண்டா, குடம் என எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். வறட்சிப் பகுதியில் இது அவசியமே. ஆனால் மூடாத இந்த நல்ல தண்ணீரில்தான் டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சல்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. சாக்கடையை மட்டும் சுத்தம் செய்தால் இக்கொசு ஒழியாது.

நட்டம் எவ்வளவு?

1973-க்குப் பின் நம் நாட்டில் பெரிதாகத் தலைகாட்டாத சிக்குன்குனியா, 2006-ல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவியது. காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும், மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. மண்வெட்டி பிடிக்க முடியாதவனுக்கு அறுவடைக் காலத்தில் இது எத்தகைய இழப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். டெங்கு உயிரையே பறிக்கும். 2017-ல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 65 பேர் இறந்தனர்.

கொசுவின் வாழ்க்கைச் சுற்று

பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் போலவே கொசுவுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என நான்கு பருவங்கள் உண்டு. பெண் கொசு ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டைகளை, தண்ணீர் மட்டத்தை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் இம்முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

நம் வெப்பநிலையில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் புழு கொசுவாகும் முன்பே அழிந்துவிடும். பறக்கும் கொசுவுக்குப் புகை அடிப்பது, அந்துப்பூச்சி முட்டையிட்ட பிறகு மருந்தடிப்பது போன்றதே. மேலும், இக்கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். உங்கள் வீட்டில் கடிக்கும் கொசு உங்கள் தெருவிலேயே வளர்ந்ததாகும்.

செய்ய வேண்டியவை

1. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தொட்டி, டிரம் முதலியவற்றைக் காலி செய்து, தேங்காய் நார் கொண்டு உட்சுவரை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும்.

2. தண்ணீரை வீணாக்க வேண்டாம். குடிநீரை இரட்டைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம். கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றினால், மண்ணில் விழுந்த புழுக்கள் காய்ந்து சாகும்.

3. பாத்திரங்களை இடைவெளியின்றி மூட வேண்டும். மூட முடியாத பெரிய தொட்டியின் வாயை வேட்டித் துணியால் கட்டலாம்.

4. தோட்டத்தில் கிடக்கும் சிரட்டை, மட்டை, பழைய டயர், உடைந்த பானை ஆகியவற்றை மழைக்கு முன் அகற்ற வேண்டும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை மறவாதீர்கள்.

5. கிணற்றிலும் பெரிய தொட்டியிலும் புழு தின்னும் கப்பி மீன்களை விடலாம்.

எச்சரிக்கை: பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை வீட்டுத் தண்ணீரில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகும். சுகாதாரப் பணியாளர் அளவறிந்து ஊற்றும் மருந்தே பாதுகாப்பானது.

காய்ச்சல் கண்டால்

ஏடிஸ் பகலில் கடிப்பது. எனவே காய்ச்சல் கண்டவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்தால் மற்றவருக்குப் பரவுவது குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, மோர், இளநீர் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் தணியும் நாட்களில்தான் அபாயம் மிகுதி. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்து வீட்டுக் கொசு வரும். தெரு முழுவதும் ஒரே நாளில் தொட்டி கழுவினால் பயன் முழுமையாகக் கிட்டும். அக்கம்பக்கத்தாருடன் பேசி அந்த நாளை இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.