பெட்டிக்குள் ஓர் ஊர்: சிறுநகரப் படப்பிடிப்பாளரின் வாழ்வும் பணியும்

எங்கள் வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதில்லை. உருவப்படம் தொங்கும் அறையில் தொழ உம்மும்மாவுக்கு மனம் ஒப்பாது. ஆனால் அலுமாரியின் மேல்தட்டில், மடித்து வைத்த முசல்லாக்களுக்கு அடியில், பழுப்பு நிறக் கடித உறை ஒன்று இருக்கிறது. பெருநாள் தினங்களில் மட்டும் அது வெளியே வரும். அதற்குள் இருப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். உம்மும்மாவின் வாப்பாவும் உம்மாவும் கதிரைகளில் அமர்ந்திருக்கிறார்கள். எட்டு வயது உம்மும்மா நடுவில், புதுச் சட்டையோடு விறைப்பாக நிற்கிறார். பின்னால் ஒரு மாளிகையின் படிக்கட்டும் பூச்சாடியும் தெரிகின்றன. கொத்மலைப் பள்ளத்தாக்கில் சில்லறைக் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மாளிகை ஏது? அது ஸ்டூடியோத் திரையில் வரைந்த மாளிகை.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் படத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. உம்மும்மாவுடைய உம்மாவின் முகத்தில் பாதி அழிந்துபோனது. அவருக்கு வேறு படமே இல்லை. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் நீல மையில் ஓர் எண்ணும் இருந்தன. "அந்த நம்பரச் சொன்னா திரும்பவும் அடிச்சுத் தருவாங்க மகள். அந்தக் காலத்துல அப்பிடித்தான்" என்றார் உம்மும்மா.

நானும் வாப்பாவும் தேடிப் போனோம். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. கடைக்காரர் எங்களை உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பழைய நெகட்டிவ் எல்லாம் சாக்குச் சாக்காக் கிடந்திச்சு. கொஞ்சத்த வெள்ளி எடுக்கிறவங்க கொண்டு போனாங்க. மிச்சத்த எரிச்சிட்டாங்க" என்றார்.

வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு சிறுநகரப் படப்பிடிப்பாளர் தம் வாழ்நாள் முழுவதும் உண்மையில் எதைச் செய்துகொண்டிருந்தார்? படம் எடுத்துக் காசு வாங்கியது மட்டும்தானா? அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்ட பதிலே இக்கட்டுரை.

ஒரு படத்தின் பின்னால் இருந்த உழைப்பு

இன்று விரலால் தொட்டால் படம். அன்று ஒரு படம் என்பது பல நாள் வேலை. திரை, கதிரை, பிளாஸ்டிக் பூ, இல்லாதவர்களுக்கு அணியக் கொடுக்க ஒரு கோட்டு, தலை சீவ ஒரு சீப்பும் கண்ணாடியும் என்று முன்னறை இருக்கும். அதற்குப் பின்னால்தான் உண்மையான தொழிற்சாலையான இருட்டறை. கறுப்பு வெள்ளைப் படத்தாள் சிவப்பு ஒளிக்கு எளிதில் இசைந்து கொடுக்காது. ஆகவே அங்கே சிவப்பு விளக்கு மட்டும் எரியும். படச்சுருளிலும் தாளிலும் பூசப்பட்டிருப்பது வெள்ளியின் உப்பு. ஒளி பட்ட இடங்களில் அது உருத்துலக்கும் கரைசலில் கறுத்த வெள்ளித் துகளாக மாறும். ஒளி படாத இடத்து உப்பை 'ஹைப்போ' என்ற கரைசல் கரைத்துவிடும். பிறகு நல்ல நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கழுவல் குறைந்தால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகும். நாம் 'கறுப்பு' என்று பார்ப்பது உண்மையில் வெள்ளி உலோகம். பழைய நெகட்டிவ்களை வெள்ளிக்காக வாங்கிச் செல்வதன் காரணமும் இதுவே.

அடுத்து வருவது கைவேலை. நெகட்டிவில் வெளிச்சமும் நிழலும் தலைகீழாக இருக்கும். முகத்துச் சுருக்கம் அதில் ஒளி ஊடுருவும் மெல்லிய கோடாகத் தெரியும். நன்றாகக் கூராக்கிய பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பினால், அச்சிட்ட படத்தில் சுருக்கம் மறைந்துவிடும். ஒரு முகத்துக்கு மணிக்கணக்கில் குனிந்திருந்து இதைச் செய்தார்கள். சிலர் அச்சிட்ட படத்துக்கு வண்ணமும் தீட்டினார்கள்.

கடைசி வேலைதான் என் கதைக்கு முக்கியமானது. நெகட்டிவை உறையிலிட்டு, எண்ணிட்டு, பெட்டியில் அடுக்கி, அந்த எண்ணையும் வாடிக்கையாளரின் பெயரையும் பதிவேட்டில் எழுதுவார்கள். மறுபிரதி கேட்டு யாராவது வருவார்கள் என்ற வியாபாரக் கணக்கில் செய்த வேலைதான் அது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழியும்போது அந்தப் பெட்டிகளுக்குள் ஓர் ஊரே குடியிருக்கும்.

5 டொலருக்கு விலைபோன ஊர்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிறு நகரம் உண்டு. அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவர் மைக் டிஸ்ஃபார்மர். 1884இல் பிறந்த இவருடைய குடும்பப் பெயர் மேயர். விவசாயிகள் நிறைந்த ஊரில், தான் விவசாயி அல்லன் என்று காட்டவே 1939இல் 'டிஸ்ஃபார்மர்' என்று பெயரை மாற்றிக்கொண்டார். தனியாக வாழ்ந்தார், யாரோடும் நெருங்கிப் பழகவில்லை. ஊரார் அவரை ஒரு விசித்திரப் பிறவியாகவே பார்த்தார்கள். ஆனாலும் படம் எடுக்க அவரிடம்தான் போனார்கள்.

அவர் வடதிசை பார்த்த கண்ணாடிக் கூரை ஒளியில் படம் பிடித்தார். அந்நாட்டில் வடக்குப் பக்கத்திலிருந்து நேர்வெயில் விழாது. ஒளி ஒரே சீராக இருக்கும். சிரிக்கச் சொல்ல மாட்டார். பண்ணை உடையோடு வந்தவரை அப்படியே நிறுத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் சீருடையோடு வந்து நின்றார்கள். தாய்மார் குழந்தைகளோடு வந்தார்கள்.

1959இல் அவர் இறந்தார். ஸ்டூடியோவில் கிடந்த பொருட்களை ஊர்க்காரர் ஒருவர் 5 டொலருக்கு வாங்கினார். அதில் ஏறத்தாழ 3,000 கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தன. அவர் அவற்றை வீசியெறியவில்லை. 1970களில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் பழைய படங்கள் கேட்டபோது அவற்றை வெளியே கொண்டுவந்தார். 1976இல் அப்படங்கள் நூலாயின. இன்று டிஸ்ஃபார்மரை உலகின் சிறந்த உருவப்படக் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது நான் வியந்தது அந்தப் புகழைக் கண்டு அல்ல. அந்த 5 டொலர் மனிதர் பெட்டிகளை எரித்திருந்தால் டிஸ்ஃபார்மர் என்றொருவர் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கலைஞனின் வாழ்நாள் உழைப்பு, பெட்டியை யாரோ ஒருவர் வைத்திருந்ததில்தான் தங்கியிருந்தது.

பமாக்கோவின் படுக்கை விரிப்பு

இரண்டாவது உதாரணம் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வருகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோ. அங்கே சைது கெய்த்தா என்பவர் 1948இல் ஸ்டூடியோ திறந்தார். தச்சு வேலை கற்றவர். மாமா கொடுத்த சிறு கமராவில் படம் எடுக்கத் தொடங்கியவர். அவருடைய முதல் பின்திரை அவரது சொந்தப் படுக்கை விரிப்பு! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றினார். பிற்காலத்தில், பின்னால் இருக்கும் திரையைப் பார்த்தே எந்தப் படம் எந்தக் காலத்தது என்று அவரால் சொல்ல முடிந்தது. கைக்கடிகாரம், பேனை, வானொலி போன்றவற்றை ஸ்டூடியோவில் வைத்திருந்தார். வருபவர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் உம்மும்மாவின் பின்னால் மாளிகை நின்றதற்கும் இதுவே காரணம். உள்ளதைக் காட்டும் படமும் உண்டு. ஆசைப்பட்டதைக் காட்டும் படமும் உண்டு. ஏழையின் ஆசைக்கும் மதிப்புக் கொடுத்த இடம் ஸ்டூடியோ.

1991இல் நியூயோர்க் கண்காட்சி ஒன்றில் கெய்த்தாவின் படங்கள் 'எடுத்தவர் பெயர் தெரியாது' என்ற குறிப்போடுதான் வைக்கப்பட்டன. பிறகு அவரைத் தேடிச் சென்றார்கள். அவர் தம் நெகட்டிவ்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் 2001இல் கண்மூடுவதற்கு முன்பே தம் பெயர் உலகறிவதை அவரால் காண முடிந்தது.

நம் மலைநாட்டில்

நம் மாவட்டத்துக்கும் புகைப்படக் கலைக்கும் பழைய தொடர்பு உண்டு. உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் காலமான அவரது உடல் பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் இங்கே எடுத்த படங்கள் சில இன்றும் உள்ளன. எடுத்தவரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் நம் நாட்டு மக்களுள் பலரின் பெயர் எதிலும் இல்லை.

சிறுநகர ஸ்டூடியோவில் இது தலைகீழானது. எடுத்தவரின் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆனால் அமர்ந்தவரின் பெயரை அவர் தம் பதிவேட்டில் எழுதி வைத்தார். தோட்டத்து லயத்திலிருந்து சம்பள நாளிலோ தீபாவளிக்கோ நகரத்துக்கு இறங்கி வந்தவர்களின் பெயரும் அதில் ஏறியது.

பெயர் பதியப்படுவது சிறிய விடயம் அன்று என்பதை மலையக வரலாறு அறிந்தவர்கள் உணர்வார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பின்னர் தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். அந்தப் படங்களை எடுத்தது நகரத்து ஸ்டூடியோக்காரர்தான். பிரிந்தவர்களின் முகங்கள் அருகருகே இருந்த இடம் அவருடைய பெட்டி ஒன்றே.

கொத்மலைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை ஓயாவுக்குக் குறுக்கே கட்டிய அணை 1985இல் நிறைவுற்றது. வயல்கள், தேயிலைக் காணிகள், கிராமங்கள், வழிபாட்டிடங்கள் நீருக்கு அடியில் போயின. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். மக்கள் போய்ப் பார்த்து வருவார்கள். உம்மும்மாவின் வாப்பா நடத்திய கடைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அந்த வாழ்க்கையிலிருந்து எஞ்சியது ஒரு படமும் அதன் பின்பக்கத்து எண்ணும்தான்.

இன்று ஸ்டூடியோவின் வேலையே மாறிவிட்டது. என் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டூடியோ மாமாவின் மனைவி வந்து என் பர்தாவைச் சரிசெய்துவிட்டார். "கொஞ்சம் நாடிய உயர்த்துங்க மகள்" என்றார் மாமா. சில வினாடிகளில் முடிந்தது. படம் இணையத்தில் திணைக்களத்துக்குப் போனது; என் கையில் வந்தது ஒரு பற்றுச்சீட்டு. "இந்தப் படத்த எவ்வளவு காலம் வைச்சிருப்பீங்க?" என்று கேட்டேன். "கொம்பியூட்டர் நிறைஞ்சா அழிச்சிருவோம்" என்று சிரித்தார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. பெட்டியில் அடுக்கி வைக்க அவரிடம் இப்போது எதுவுமே இல்லையே!

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை, பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்ணிமப் பிரதிகளாக்கியுள்ளது. நம் நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் சேர்த்து வருகிறது. பெரியவர்கள் செய்யும் பெரிய வேலைகள் இவை. மாணவியரும் பெற்றோரும் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

படத்தின் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தழும்பு விழும், மையும் ஊறும்.

நம் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் அல்பத்தில் வைக்காமல் காகித உறையில் இட்டு, சுவர் ஈரம் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்துக் கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து, உறவினர் இருவருக்காவது அனுப்புங்கள்.

உங்கள் நகரத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ மூடப்படப் போகிறது என்று கேள்விப்பட்டால், பழைய பெட்டிகள் இருக்கின்றனவா என்று போய்க் கேளுங்கள். நாங்கள் சில ஆண்டுகள் பிந்திப் போனோம். நீங்கள் முந்திப் போகலாம்.

பஸ்ஸில் திரும்பிய அன்று மாலை, உம்மும்மாவிடம் நெகட்டிவ் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பாதான் சொன்னார். உம்மும்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு படத்தை வாங்கி, அழிந்த பாதி முகத்தின் மேல் விரலை வைத்து, "மூக்கு உன்ட மூக்கு மாதிரித்தான் மகள்" என்றார். தம் உம்மாவின் பெயரையும், பிறந்த ஊரையும், கடை இருந்த சந்தியையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பின்பக்கத்து நீல எண்ணுக்குக் கீழே இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன. பெயர் தெரியாத அந்தப் படப்பிடிப்பாளர் தம் பதிவேட்டில் தொடங்கிய வேலையை, எங்கள் வீட்டில் நான் தொடர்ந்திருக்கிறேன்.