முழங்கால் தரும் எச்சரிக்கை

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் சாலை, வளைந்து வளைந்து அம்மலைமீது ஏறுகிறது. இத்தகைய மலைச்சாலைகள் ஓட்டப் பயிற்சி செய்வோர்க்கும் மிதிவண்டி வீரர்க்கும் ஏற்ற களங்களாகும். ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போதோ எல்லாம் எளிதாகத் தோன்றும். ஆயினும் முழங்காலுக்குரிய சோதனை இறக்கத்தில்தான் காத்திருக்கிறது.

ஓர் இளைஞன் மலையினின்றும் ஓடி இறங்குகிறான் என்று கொள்வோம். சில கிலோமீட்டர் வரை யாதொரு துன்பமும் இல்லை. பின்னர் முழங்காலின் வெளிப்புறத்தில் ஊசி குத்துவதுபோல் வலி எழுகிறது. நின்றால் தணிகிறது; ஓடினால் திரும்புகிறது. "வீரனுக்கு வலி ஒரு பொருட்டா?" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறான். சில நாட்களில் படியிறங்குவதே அவனுக்கு அரிதாகிவிடுகிறது. உடல் விடுத்த எச்சரிக்கையைக் கேளாமையே அவன் செய்த பிழை.

இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலைக் கடந்து, கீழ்க்காலின் பெரிய எலும்பில் சென்று பொருந்தும் வலிய நார்ப்பட்டை ஒன்று உண்டு. மருத்துவர் இதனை இலியோடிபியல் பட்டை என்பர். முழங்கால் ஏறத்தாழ 30 பாகை மடங்கும் நிலையில், இப்பட்டை தொடை எலும்பின் வெளிப்புற மேட்டின்மீது அழுந்துகிறது. 1975 ஆம் ஆண்டில், அமெரிக்க மரீன் படைவீரரிடம் இந்நோயைக் கண்ட ரென் என்னும் மருத்துவர், பட்டை எலும்பின்மேல் உராய்வதே இதன் காரணம் என்று எழுதினார். 2006 ஆம் ஆண்டில் ஃபேர்கிளஃப் முதலிய ஆய்வாளர் வேறு விளக்கம் தந்தனர். பட்டை எலும்போடு நார்களால் பிணைக்கப்பட்டிருப்பதால் அது முன்னும் பின்னும் நகர்வதில்லை. அதனடியில் நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குவதே வலிக்குக் காரணம் என்பது அவர்தம் கருத்து.

இறக்கத்தில் ஓடும்போது, கால் ஊன்றும் வேளையில் முழங்கால் மிகுதியாக மடங்குவதில்லை; ஆகவே அழுத்தம் கூடுகிறது. பயிற்சியின் தொலைவைத் திடீரென உயர்த்துவதும், இடுப்பின் பக்கத் தசைகள் வலுவின்றி இருப்பதும் தீங்கை வளர்க்கும். மிதிவண்டியிலோ இருக்கை மிக உயர்ந்திருந்தால், ஒவ்வொரு மிதியின் அடியிலும் முழங்கால் அந்த 30 பாகை நிலையை அடைகிறது. நிமிடத்திற்கு 80 முறை மிதிப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு காலால் 4,800 முறை மிதிக்கிறான். சிறு பிழையும் இத்தனை முறை பெருகினால் பெருந்துன்பமாகும் அன்றோ?

இதற்குரிய மருத்துவம் அரிதன்று. முதலாவதாக, வலியை உண்டாக்கும் ஓட்டத்தைச் சில காலம் நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் நோவு குறையும். பின்னர், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சி போன்றவற்றால் இடுப்புத் தசைகளை வலுப்படுத்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்நோயுற்ற 24 ஓட்டவீரர் ஆறு வாரம் இத்தகைய பயிற்சி பெற்றனர். அவருள் 22 பேர் வலி நீங்கி மீண்டும் ஓடினர். மிதிவண்டி வீரர் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அறுவை மருத்துவம் மிகச் சிலர்க்கே தேவைப்படும்.

முழங்கால் வீங்கினாலும், மடக்க நீட்ட இயலாமல் பூட்டிக்கொண்டாலும், காய்ச்சல் கண்டாலும், விழுந்து அடிபட்டபின் வலித்தாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். ஏனெனில், அவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

வலி தணிந்தபின் முதலில் சமநிலத்தில் சிறிது தொலைவு ஓடி, பிறகே மலைச்சாலைக்குத் திரும்புதல் நலம். பொறுத்திருத்தல் கோழைத்தனம் அன்று; அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே. இன்று வலிக்கும்போது நிற்கத் தெரிந்தவனே, நாளை மலையுச்சியினின்றும் மகிழ்ச்சியோடு ஓடி இறங்குவான்.