பழைய காருக்குப் புது பிரேக் பைப்

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்கும்போது பெயிண்ட் அடிக்கத்தான் கை பரபரக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பைப். ஆரம்பகால வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான். ஒரு பைப் வெடித்தால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால், ஸ்டீல் பைப் உள்பக்கமும் துருப்பிடிக்கும். வெளிப் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

செய்முறை:

1. பழைய பைப்பை வளையாமல் கழற்றுங்கள். அதுதான் நமக்கு மாதிரி.

2. 3/16 அங்குல பிரேக் பைப்பே வாங்குங்கள். சாதாரண செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

3. ஹாக்ஸா வேண்டாம். டியூப் கட்டரால் வெட்டி, பிசிர் எடுத்து, உள்ளே காற்றடியுங்கள்.

4. ஃபிளேர் அடிக்கும் முன் நட்டை மாட்டுங்கள். மறந்தால் அடித்த ஃபிளேரை வெட்டி எறிய வேண்டியதுதான்! பழைய ஃபிளேர் எந்த வடிவமோ, புதியதும் அதே வடிவம்.

5. பெண்டரில் வைத்து வளைத்து, எதிலும் உரசாதபடி கிளிப் போடுங்கள். நட்டை முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனர் போடுங்கள்.

6. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ப்ளீடிங் செய்யுங்கள். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் தடவிப் பார்க்கட்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

லேத்தில் ஜாப் கெட்டால் இன்னொரு பீஸ் கேட்டு வாங்கலாம். ரோட்டில் பிரேக் பிடிக்கலைன்னா யாரிடம் போய்க் கேட்பது?