டாங்கிக்கு முன் தண்டவாளம்

வியூக விளையாட்டுகளில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. டாங்கி செய்யும் தொழில்நுட்பம் கைக்கு வந்த மறுநொடியே, இருக்கிற நகரங்களையெல்லாம் டாங்கிப் பட்டறையாக மாற்றிவிடுவார்கள். சில சுற்றுகள் கழித்துப் பார்த்தால் போர் வடக்கு எல்லையில் நடந்துகொண்டிருக்கும். டாங்கிகளோ தெற்கே ஏதோ ஒரு காட்டுக்குள் கட்டம் கட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தச் செலவில் பாதியைத் தண்டவாளத்தில் போட்டிருந்தால் இந்நேரம் எதிரியின் தலைநகரில் நம் கொடி பறந்திருக்கும். அதற்கான வழி இதோ.

1. முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

‘சிவிலைசேஷன்’ விளையாட்டுத் தொடரின் ஒவ்வொரு பதிப்பிலும் ரயிலுக்குச் சட்டம் வேறு. அதை வடிவமைத்த சிட் மெய்யர் 1990-இல் ‘ரெயில்ரோட் டைகூன்’ என்ற ரயில் விளையாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ‘சிவிலைசேஷன்’ முதல் பதிப்பு வந்தது. ரயில் மோகம் இன்னும் தணியவில்லை போலும்: தண்டவாளத்தில் ஏறிய படைக்கு நகர்வுச் செலவே கிடையாது. சொந்தக் காலில் சுற்றுக்கு மூன்று கட்டம் போகிற டாங்கி, ரயிலேறினால் அதே சுற்றில் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடும். கற்காலத்தில் பயிற்சி பெற்ற காவல் படையும் அதே வேகத்தில் போகும் என்பதுதான் வேடிக்கை. தண்டவாளம் உள்ள கட்டத்தில் விளைச்சலும் கூடும் என்பதால், எல்லோரும் வயல், மலை பார்க்காமல் போட்டுத் தள்ளினார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் நாடே கொசுவலை போர்த்திக்கொண்டு கிடக்கும்.

பிறகு கடிவாளம் விழுந்தது. 2005-இல் வந்த நான்காம் பதிப்பில் சுற்றுக்குப் பத்துக் கட்டம்தான். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தண்டவாளத்துக்குப் பராமரிப்புச் செலவு. பழைய பழக்கத்தில் வலை போர்த்தியவர்களின் கஜானா காலியானது. ஆறாம் பதிப்பில் (2016) ரயிலே கிடையாது. 2019-இல் ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தோடுதான் வந்து சேர்ந்தது. அதிலும் ராணுவப் பொறியாளர்தான் போட வேண்டும். கட்டத்துக்கு ஓர் அலகு இரும்பும் ஓர் அலகு நிலக்கரியும் போகும்.

2. பட்டறையிலிருந்து எல்லைக்கு ஒரே பாதை

அழகுக்காகத் தலைநகரைச் சுற்றி வட்டப்பாதை போட வேண்டாம். டாங்கி செய்யும் நகரத்திலிருந்து சண்டை நடக்கப்போகும் எல்லைக்கு நேராக ஒரு பாதை. பிறகு எல்லை ஓரமாகக் குறுக்கே ஒன்று. போதும்.

முதல் இரண்டு பதிப்புகளை ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் தண்டவாளத்தில் எதிரியும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யலாம். எனவே எல்லையை ஒட்டிய சந்திப்பில் ஒரு நல்ல காவல் படையை நிறுத்தி வையுங்கள். மூன்றாம் பதிப்பில் (2001) இந்த வசதி நீக்கப்பட்டது. எதிரி நாட்டுத் தண்டவாளம் உங்களுக்கும் உதவாது. எல்லைவரை சிட்டாகப் பறந்த டாங்கி, அதைத் தாண்டியதும் மாட்டுவண்டியாகிவிடும்.

இதற்கு மூன்றாம் பதிப்பின் பழைய கைகள் செய்யும் வேலை இது: டாங்கிப் படையோடு தொழிலாளர் கூட்டம் ஒன்றையும் கூட்டிப் போவார்கள். எல்லையோர நகரம் விழுந்ததும் சுற்றியுள்ள நிலம் நம்முடையதாகும். தொழிலாளர்கள் எல்லாரையும் இறக்கி, இடையில் விட்டுப்போன கட்டத்தில் அதே சுற்றில் தண்டவாளம் போட்டால், பின்னால் காத்திருக்கும் டாங்கிகள் அப்போதே வந்து அடுத்த நகரத்தைத் தாக்கலாம். முன்வரிசையில் மண்வெட்டி, பின்வரிசையில் பீரங்கி. பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பலிக்கும்.

3. எதிரியின் பாதையை வெட்டுங்கள்

வேகமாக நகரும் படை ஒன்றை அனுப்பிச் சந்திப்புகளை மட்டும் நாசம் செய்தால் போதும். மொத்தப் பாதையையும் பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நகரத்தைப் பிடித்த பிறகு அது நமக்கே வேண்டியிருக்கும்.

4. ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ ஆடினால்

இந்த இரண்டாம் உலகப் போர் விளையாட்டில் பாடம் கடினமானது. 2021-இல் ‘நோ ஸ்டெப் பேக்’ விரிவாக்கம் வந்த சமயத்தில் விநியோக முறையே மாறிப்போனது. தலைநகரிலிருந்து தண்டவாளம் வழியாக விநியோக மையங்களுக்குச் சரக்கு போகும், அங்கிருந்துதான் படைக்கு. ரயில்களையும் நீங்களே தொழிற்சாலையில் செய்ய வேண்டும். டாங்கியிலேயே கண்ணாக இருந்து ரயில் எஞ்சினை மறந்தவரின் படை, ரஷ்யச் சமவெளியில் எரிபொருள் இல்லாமல் நிற்கும்.

தண்டவாளத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரநிலை உண்டு. தலைநகரிலிருந்து மையம் வரை உள்ள பாதையில் மிகத் தாழ்ந்த துண்டின் தரம் எதுவோ, அதுதான் முழுப் பாதைக்கும் கொள்ளளவு. ஐந்தாம் தரத்தில் நெடுக இழைத்துவிட்டு நடுவில் ஒரு துண்டை ஒன்றாம் தரத்தில் விட்டால், செய்த செலவெல்லாம் வீண். ஆகவே விநியோக வரைபடத்தைத் திறந்து, இறுக்கிப் பிடிக்கும் அந்தத் துண்டைத் தேடி முதலில் அதை உயர்த்துங்கள். எதிரி விமானங்கள் ரயில்களைக் குறிவைத்தால் கவச ரயிலுக்கு மாறுங்கள். விலை அதிகம், ஆனால் தாங்கும்.

இது விளையாட்டுக்காகக் கட்டிய தொல்லை என்று நினைக்க வேண்டாம். 1941-இல் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மானியர்கள், தங்கள் 1435 மி.மீ. தண்டவாளத்தைவிட அகலமான பாதையைச் சந்தித்தார்கள். பிடித்த பாதையைத் தங்கள் அளவுக்கு மாற்றி மாற்றித்தான் முன்னேற முடிந்தது. பின்னர் வந்த அவர்களுடைய டைகர் டாங்கி ரயில் வண்டிக்குப் பொருந்தாத அகலம்; ஒவ்வொரு பயணத்துக்கும் போர்ச் சங்கிலிப் பட்டையைக் கழற்றிக் குறுகலான வேறொன்றை மாட்ட வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையை மட்டும் விளையாட்டு நமக்கு வைக்கவில்லை. கும்பிடு போடலாம்.

5. ரயிலும் டாங்கியும் நேருக்கு நேர் மோதினால்?

சிறுவர்கள் கேட்கிற கேள்விதான். பதில் வரலாற்றிலேயே உண்டு. 1939 செப்டம்பர் 1 அன்று, போலந்தின் மொக்ரா கிராமத்தருகே ‘ஷ்மியாவி’ என்ற கவச ரயில் ஜெர்மனியின் நான்காம் பான்சர் டிவிஷனோடு மோதி, டாங்கிகளைச் சேதப்படுத்தியது. போலந்தின் குதிரைப் படைக்குத் துணையாக வந்த ரயில் அது. ஆனால் கவச ரயிலுக்கு ஓடவும் ஒளியவும் ஒரே கோடுதான் என்பதை மறக்கக் கூடாது. ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ விளையாட்டில் லெவல் கிராசிங்கில் மாட்டிய பேருந்து வெடித்துச் சிதற, ரயில் எதுவும் நடக்காதது போலப் போகும். போர்க்களத்தில் அந்தச் சலுகை கிடையாது. முன்னால் ஒரு தண்டவாளத் துண்டைப் பெயர்த்தால் கவச ரயிலின் கதை முடிந்தது.

எனவே ரயிலைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள். சண்டைக்கு ஆள் அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் டாங்கிக்குக் கட்டளை கொடுக்குமுன், கையிருப்பில் நிலக்கரி எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.